ஓரத்தில் ந.வெ.

பழைய வண்ணாரப்பேட்டையில் பெரியப்பா வீட்டுப் பரணில் ஒன்பது லாங் சைஸ் நோட்டுகள் இருக்கின்றன. பாதி கரப்பான் அரித்தவை, ஒன்றில் மீன் குழம்புக் கறை, ஒன்றுக்கு அட்டையே கிடையாது. 1962இல் தொடங்கி இன்றுவரை அவர் செய்து பார்த்த வேலைகளின் குறிப்புகள் அவை: ரேடியோ, போட்டோ கழுவுவது, தொலைநோக்கிக் கண்ணாடி தேய்ப்பது, ஆம்ப்ளிஃபையர், ஆர்மோனியம், மழைமானி. புத்தகத்தில் படித்ததை முதலில் நீல மையில் அப்படியே எழுதிவிடுவார். சில நாள் கழித்து அதன் ஓரத்தில் சிவப்பு மையில் ‘ந.வெ.’ என்று போட்டு ஒரு எண் வந்திருக்கும். “டெவலப்பர் 20 டிகிரி, 9 நிமிஷம்” என்று நீலத்தில் இருந்தால், பக்கத்தில் சிவப்பில் “ந.வெ. 5”. ரொம்ப நாள் அது ஏதோ கெமிஸ்ட்ரிக் குறியீடு என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேன்.

“நம்ம வெயிலுப்பா,” என்றார்.

இந்த ஆய்வு அந்த இரண்டு எழுத்தைப் பற்றியது. ஆய்வு என்று பெரிதாகச் சொல்கிறேன், செய்தது இவ்வளவுதான்: எட்டு ஞாயிற்றுக்கிழமை அவரோடு மொட்டை மாடியில் உட்கார்ந்தேன், நோட்டுகளை வரிசையாகப் படித்தேன், பெரியம்மாவைத் தனியாகக் கேட்டேன் (இது முக்கியம், இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்தால் 1985ஆம் வருடச் சண்டை மறுபடி ஆரம்பித்துவிடும்). பெரியப்பாவுக்கு இப்போது 76 வயது. பெரம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 1969இல் பிட்டராகச் சேர்ந்து 2007இல் ஓய்வு பெற்றவர். படிப்பு ஐடிஐ. வீடு முப்பது வருடம் ஒரே அறை, பத்துக்குப் பன்னிரண்டு, பல குடும்பங்கள் சேர்ந்திருக்கும் ஸ்டோர் வீடு, குழாயும் கக்கூசும் பொது. இப்படிப்பட்ட இடத்தில், இந்தச் சம்பளத்தில், ஒரு மனிதர் அறுபது வருடத்துக்கு மேல் கைவேலையை விடாமல் எப்படி வைத்திருந்தார் என்பதுதான் எனக்கிருந்த கேள்வி. சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: ‘அவருக்கு அதுல ஒரு ஆர்வம்.’ அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஆர்வம் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் இருந்தது, ஆறு மாதம் இருந்தது.

முதல் நோட்டின் முதல் பக்கம் கிறிஸ்டல் செட் என்கிற எளிய ரேடியோ. பக்கத்து வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தவர், நூல் சுற்றும் அட்டைக்குழல் ஒன்று கொடுத்தார், அதில் எனாமல் கம்பியைச் சுற்றி, ஒரு டயோடு, மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய பட்டாளத்து ஹெட்போன், மொட்டை மாடியில் கொடிக்கம்பியோடு கொடிக்கம்பியாக ஒரு ஏரியல், எர்த்துக்குக் கார்ப்பரேஷன் குழாய். பேட்டரியே கிடையாது. ஹெட்போனை அலுமினியக் குண்டானுக்குள் போட்டு வைத்தால் குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்கலாமாம். பதின்மூன்று வயதுப் பையன் செய்தது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் ரேடியோவே பொழுதுபோக்குக்காரர்கள் கொண்டுவந்ததுதான். 1924இல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்று சிலர் சேர்ந்து, கைக்காசு போட்டு ஒலிபரப்பினார்கள். 1927இல் பணம் இல்லாமல் நின்றுபோய், டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள், அதை வைத்து மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அகில இந்திய வானொலி இங்கே வந்தது 1938இல். அரசாங்கம் வந்து சேர்வதற்கு 14 வருடம் முன்பே யாரோ நாலு பேர் வேலை முடிந்து வந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கிறிஸ்டல் செட் முதல் தடவையே பாடிவிட்டது. அதனாலேயே அவர் அதை மூன்று மாதத்தில் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். தம்பி என்றால் எங்கள் அப்பா. அப்பா அதை உடைத்தார் என்பது வேறு கதை.

சிவப்பு மை முதன்முதலில் வருவது 1972இல், டிரான்சிஸ்டர் ரேடியோவில். கடைசிக் கட்டத்தில் ஏசி 128 டிரான்சிஸ்டர் ஜோடி, ஜெர்மானியத்தால் ஆனவை. புத்தகத்தில் போட்டிருந்த ரெசிஸ்டர் மதிப்பையே போட்டார், மார்கழி ராத்திரியில் இலங்கை வானொலி கணீரென்று கேட்டது, சித்திரையில் மத்தியானம் இரண்டு மணிக்குக் கரகரவென்று இழுத்துவிட்டு அடங்கிவிடும், சாயங்காலம் கடல்காற்று வந்ததும் தானாகவே சரியாகிவிடும். பேட்டரி மாற்றினார், ஈயம் பற்றவைத்த இடத்தையெல்லாம் மறுபடி தொட்டார், அலைவரிசையைச் சரிசெய்யும் ஐஎஃப் டப்பாக்களின் கருவை மூங்கில் குச்சியைச் சீவிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் பார்த்தார் (இரும்பு ஸ்குரூ டிரைவர் உள்ளே போனாலே அலைவரிசை நகர்ந்துவிடும், அதனால்தான் மூங்கில்). ஒன்றும் ஆகவில்லை. கன்னிமாரா நூலகத்தில் போய் உட்கார்ந்து படித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. ஜெர்மானியத்தில் கசியும் மின்னோட்டம் சுமார் 10 டிகிரி ஏறினால் இரண்டு மடங்காகும். அந்த ஒற்றை அறைக்குள் சித்திரை மத்தியானம் எவ்வளவு இருக்கும் என்று அந்தப் புத்தகம் எழுதினவருக்கு எப்படித் தெரியும்? டிரான்சிஸ்டரில் ஓடும் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் பயாஸ் ரெசிஸ்டரை மாற்றி, சூட்டுக்கேற்ப மாறும் தெர்மிஸ்டர் ஒன்று சேர்த்து, டிரான்சிஸ்டர்களுக்குச் சூடு வெளியேறத் தகரத்தில் சின்னச் சட்டை மாட்டிவிட்டார். நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில்தான் முதல் ‘ந.வெ.’ இருக்கிறது, அதைச் சுற்றி ஒரு வட்டம்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பெரியம்மாதான் சொன்னார். கல்யாணமான முதல் மாதமே பேசி முடித்துவிட்டாராம். “சம்பளத்துல கை வைக்காத, ஓவர்டைம்ல பாதி உன்னுது, இன்னா வேணா பண்ணிக்கோ, என்னைக் கேக்காத.” இவ்வளவுதான் ஒப்பந்தம். முப்பத்தைந்து வருடத்துக்கும் மேல், அவர் ஓய்வு பெறும்வரை, இரண்டு பக்கமும் மீறவில்லை. ஓவர்டைம் இல்லாத மாதங்களில் நோட்டில் படம் வரைவதும் கணக்குப் போடுவதும் மட்டும்தான் நடந்திருக்கிறது, அந்தப் பக்கங்கள்தான் ரொம்ப அழகாகவும் இருக்கின்றன. இந்த ஆய்வில் பெரியம்மாவுக்குப் பாதிப் பங்கு என்று நான் எழுதினால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். “நா எங்கடா பண்ணேன், சோறு ஆக்குனேன்” என்பார்.

1974இல் ஒரு செகண்ட் ஹேண்ட் ஆக்ஃபா கிளிக் 3 கேமரா வந்தது. 120 பிலிம், ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படம், ஊட்டியில் தயாரான ‘இந்து’ என்கிற பிராண்டு பிலிம். ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்தால் ஓவர்டைம் தாங்காது என்று வீட்டிலேயே கழுவ முடிவு செய்தார். மருந்தையும் கடையில் பாக்கெட்டாக வாங்கவில்லை. டி-76 டெவலப்பர் ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். நைனியப்ப நாயக்கன் தெருவில் பொட்டலம் பொட்டலமாக வாங்கிவந்து, தங்கம் நிறுக்கும் தராசு ஒன்றை இரவல் வாங்கி நிறுத்தார். ராத்திரி பத்து மணிக்கு மேல், ஜன்னலில் கம்பளி கட்டி, கட்டிலுக்கு அடியில் தட்டு வைத்து வேலை.

புத்தகம் 20 டிகிரி என்றது. பானைத் தண்ணீரே 27. சரி என்று காசிமேட்டுக்கு சைக்கிளை மிதித்து, மீனுக்குப் போடும் ஐஸ் ஒரு பாளம் கோணியில் சுற்றிக்கொண்டு வந்தார். வீடெல்லாம் வஞ்சிர நாற்றம். அன்னக்கூடையில் ஐஸ் போட்டு அதற்குள் தட்டை வைத்து, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே சரியாக 20இல் ஒன்பது நிமிடம் கழுவி, படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போவில் போட்டு, அப்புறம் பிலிமை எடுத்துப் பொதுக் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். தொட்டித் தண்ணீர், பகலெல்லாம் வெயிலில் காய்ந்தது, 31 டிகிரி. காலையில் பார்த்தால் பன்னிரண்டு படத்திலும் பாம்புச் சட்டை மாதிரி வலை வலையாக வெடிப்பு. மேல்பூச்சு ஜெலட்டின்தானே, குளிரிலிருந்து திடீரென்று சூட்டுக்குப் போனதும் சுருங்கி விரிந்து நெளிந்துவிட்டது. அதில் ஒரு படம் எங்கள் தாத்தா படம். தாத்தாவின் வேறு படம் கிடையாது. இன்றைக்கும் கூடத்தில் மாட்டியிருப்பது அந்த வலை விழுந்த படம்தான், வந்து பார்ப்பவர்கள் ஏதோ ஓவியம் என்று நினைக்கிறார்கள்.

அதற்கப்புறம் அவர் ஐஸ் வாங்கவே இல்லை. குளிர வைப்பதை விட்டுவிட்டு, டெவலப்பர், ஹைப்போ, கழுவும் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே அறைச் சூட்டில் வைத்து, நேரத்தைக் குறைத்தார். ஹைப்போவில் படிகாரம் சேர்த்தார், அது ஜெலட்டினை இறுக்கிவிடும், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், சவரம் செய்த கன்னத்தில் தேய்க்கிற அதே படிகாரம். ‘ந.வெ. 5’ என்று நான் பார்த்தது இந்த நிமிடக் கணக்குதான். எண்ணிப் பார்த்தேன், அந்த ஐந்துக்கு வந்து சேர ஏழு ரோல் ஆகியிருக்கிறது.

கண்ணாடி விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லாமல் முடியாது.

ஹாலி வால்நட்சத்திரம் 1986இல் வருகிறது என்று பேப்பரில் போட்டதும் தொலைநோக்கி செய்வது என்று கிளம்பினார். ஆறு அங்குலக் கண்ணாடி, நாலடி குவியத் தூரம். ராயபுரத்தில் ஒரு பழைய சாமான் கடையில் கப்பல் ஜன்னல் கண்ணாடி, நல்ல தடிப்பாக, வட்டமாக இரண்டு கிடைத்தன. தேய்க்கிற தூளுக்கு வெளியே போக வேண்டியதே இல்லை, சாணைக்கல்லும் உப்புத்தாளும் செய்கிற கார்போரண்டம் யுனிவர்சல் ஆலை திருவொற்றியூரிலேயே இருக்கிறது, ஹார்டுவேர் கடைகளில் 80ஆம் நம்பரிலிருந்து தூள் சாதாரணமாகக் கிடைத்தது. மொட்டை மாடியில் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதன்மேல் ஒரு கண்ணாடியை முளையடித்து நிறுத்தி, தூளும் தண்ணீரும் போட்டு, இன்னொன்றை மேலே வைத்துத் தேய்க்க வேண்டும். ஆறு தடவை தள்ளி இழுத்துவிட்டு ஒரு அடி நகர்ந்து நிற்க வேண்டும், மறுபடி ஆறு, இப்படியே டிரம்மைச் சுற்றி நடக்க வேண்டும். மேல் கண்ணாடி நடுவில் குழிந்துகொண்டே போகும். எவ்வளவு குழி என்று நினைக்கிறீர்கள்? 1.2 மில்லிமீட்டர். தபால் கார்டு நாலைந்தை அடுக்கினால் வருகிற ஆழம். அதற்கு அவர் நடந்தது எத்தனை சுற்றோ, நான் அப்போது சின்னப் பையன், எண்ண உட்கார்ந்து தூங்கிவிடுவேன், கிர்ர் கிர்ர் என்கிற சத்தம் மட்டும் நினைவிருக்கிறது.

80, 120, 220 என்று தூள் நைசாகிக்கொண்டே போய், கடைசியில் தாரும் ரோசினும் (ஒரு மரப்பிசின்) உருக்கி ஊற்றிய மெத்தையில் ரூஜ் என்கிற செம்பொடி தடவிப் பளபளப்பாக்க வேண்டும். 1985ஆம் வருடச் சண்டை இந்தச் செம்பொடியால் வந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த பெரியம்மாவின் வெள்ளைப் புடவை ஒன்று இளஞ்சிவப்பு ஆகிவிட்டது, புடவை பெரியம்மாவுடையதாக இருந்தால் பரவாயில்லை, இரவல் புடவை. அதே வருடம் மே மாதம் 30ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. அவருடைய பழைய லென்ஸ், பழைய புத்தகம், பழைய மீட்டர் எல்லாவற்றுக்கும் அதுதான் இடம். அதைப் பற்றி நோட்டில் ஒரு வரிகூட இல்லை. அந்த வாரம் முழுக்க எந்தப் பதிவும் இல்லை.

புத்தகம் சொன்னது இதுதான்: கண்ணாடியைத் தார் மெத்தையின்மேல் வைத்து ராத்திரி முழுக்க அழுத்தி விடு, காலையில் இரண்டும் ஒட்டிப் பொருந்தியிருக்கும். இவர் வைத்தார். காலையில் மெத்தையில் வெட்டியிருந்த சதுர வாய்க்கால்கள் எல்லாம் மூடிக்கொண்டு, தார் வழிந்து கண்ணாடியின் விளிம்பைக் கட்டிக்கொண்டு, வெல்லப்பாகு மாதிரி கிடந்தது. குளிர்தேசத்துத் தார்க் கணக்கு. ரோசினை ஏற்றினார் (ரேடியோவில் ஈயம் பற்றவைக்க வைத்திருந்த அதே ரோசின்), மெத்தை கெட்டியானது, ஆனால் கண்ணாடியைக் கீறியது. கொஞ்சம் குறைத்தார், மறுபடி வழிந்தது. நகத்தால் அழுத்திப் பார்த்து, எத்தனை எண்ணுவதற்குள் தடம் விழுகிறது என்று ஒரு அட்டவணை போட்டிருக்கிறார், மணி வாரியாக. மே மாதத்தில் நம்பி வேலை செய்ய முடிந்தது விடியற்காலை மூன்று முதல் ஐந்தரை வரை. அப்புறம் முதல் ஷிப்ட்.

வால்நட்சத்திரம் காத்திருக்குமா? 1986 பிப்ரவரி 9ஆம் தேதி சூரியனைச் சுற்றிவிட்டு, ஏப்ரலில் தெற்கு வானத்தில் வந்துவிட்டுப் போய்விட்டது. கண்ணாடி அப்போது பாதிப் பளபளப்பில் இருந்தது. காசிமேட்டுக் கரையில் என்னையும் அப்பாவையும் நிறுத்தி, இரவல் பைனாகுலரில் காட்டினார், பஞ்சுத் துணுக்கு மாதிரி ஏதோ ஒன்று, நான் பார்த்தேனா பார்த்ததாகச் சொன்னேனா என்று இப்போதும் சந்தேகம்தான். அதே வருடம் ஜனவரியில் காவலூர் வானாய்வகத்தில் 2.3 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்திருந்தார்கள், அதன் கண்ணாடியும் நம் நாட்டிலேயே தேய்த்ததுதான். அந்தச் செய்தியை வெட்டி நோட்டில் ஒட்டி, கீழே “அவங்களுக்கு ஏசி ரூம்” என்று எழுதியிருக்கிறார். பொறாமைதான்.

கண்ணாடி 1986 நவம்பரில் முடிந்தது. வெள்ளி நைட்ரேட், அம்மோனியா, குளுகோஸ் வைத்து வீட்டிலேயே வெள்ளிப் பூச்சு போட்டார். (செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: அந்தக் கரைசலை மீதி வைக்கக் கூடாது, வைத்தால் வெடிக்கலாம், வேலை முடிந்த கையோடு கொட்டிவிட வேண்டும்.) முதல் ராத்திரி நிலாவைப் பார்க்க ஸ்டோரில் இருந்த பதினொரு குடும்பமும் வரிசையில் நின்றது. கடல் காற்றோ புகையோ, நாலு மாதத்தில் வெள்ளி கறுத்துவிட்டது. ந.வெ. என்பதற்குப் பக்கத்தில் ‘ந.கா.’ என்று ஒன்று சேர்ந்தது. நம்ம காத்து. பிறகு ஒருவர் மூலமாக அலுமினியம் பூசி வாங்கினார்.

ஆம்ப்ளிஃபையரைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் அவரும் அப்படித்தான் முடித்தார். 2என்3055 டிரான்சிஸ்டர் போட்டு நல்ல செட் ஒன்று செய்தார், சூடு ஏறினால் மின்னோட்டமும் ஏறும் என்பது ஏசி 128இலேயே படித்த பாடமானதால் பயாஸ் டயோடை ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) மேலேயே திருகிவிட்டார், ஆடிக் கூழுக்கு மூன்று நாள் விடாமல் பாடியது. உடனே ஆளாளுக்கு வாடகைக்குக் கேட்க, காசுக்கு விட ஆரம்பித்தார். காசு வந்ததும் ந.வெ. பார்க்க நேரமில்லை, எதுவும் பிசகக் கூடாது, புதிதாக எதையும் மாற்றிப் பார்க்கக் கூடாது. பதினான்கு மாதத்தில் விற்றுவிட்டார். அந்தக் காலத்துக்கு நோட்டே இல்லை, ரசீது மட்டும்தான் இருக்கிறது.

1999இல் அவர் ஒரு கம்ப்யூட்டரை உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டினார். எல்லாம் அதனதன் துளையில் உட்கார்ந்தது, முதல் சாயங்காலமே ஓடியது. அதற்கப்புறம் அதன் மூடியை அவர் திறக்கவே இல்லை. இங்கேதான் எனக்கு விஷயம் கொஞ்சம் தெளிவானது. கிறிஸ்டல் செட் முதல் தடவையே வேலை செய்தது, மூன்று மாதம். கம்ப்யூட்டர், ஒரு சாயங்காலம். இழுத்தடித்த கண்ணாடிக்கு மூன்று நோட்டு. புத்தகத்தில் சொன்னபடி நடக்காத வேலையைத்தான் அவர் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆர்மோனியமும் அப்படித்தான். அவருக்குப் பாட்டு வராது, ஆனால் ஈரக்காற்றில் ரீடு களிம்பேறிச் சுருதி விலகுவது அவருக்குத் தாங்கவில்லை. ரீடின் நாக்கை நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும், பிட்டரின் ஊசி அரம் இருந்தால் போதும். ராகம் தெரியாவிட்டாலும் இரண்டு ரீடு சேர்ந்து ஒலிக்கும்போது வருகிற ‘ஆவ்... ஆவ்...’ அலைவு நிற்கிறதா என்று மட்டும் கேட்பார். வடசென்னையில் எத்தனை சர்ச், எத்தனை பஜனை மடத்து ஆர்மோனியங்கள் அவர் கட்டிலடியில் படுத்து எழுந்து போயிருக்கின்றன. காசு வாங்கவில்லை. டீ வாங்கினார்.

என் கணக்குக்கு ஒத்துவராத ஒன்றும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. காத்தாடி. பத்து வருடம் காத்தாடி செய்தார், ஆண்டர்சன் தெருவில் காகிதம் வாங்கி, மூங்கில் சீவி. அது முதல் நாளிலிருந்தே நன்றாகப் பறந்தது, நோட்டில் ஒரு ந.வெ.கூட இல்லை, சும்மா சந்தோஷத்துக்குச் செய்திருக்கிறார். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு மாஞ்சா நூல் கழுத்தில் பட்டுத் தையல் போட்ட அன்று, மீதி இருந்த சட்டம், காகிதம், நூல் எல்லாவற்றையும் அடுப்பில் வைத்துவிட்டார். அதைப் பற்றி நான் கேட்டபோது பேச்சை மாற்றினார்.

இப்போது மழைமானி. 2015 வெள்ளத்தில் டிவி முழுக்க நுங்கம்பாக்கம் இவ்வளவு, மீனம்பாக்கம் இவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருக்க, “நம்ம பக்கம் எவ்ளோன்னு ஒருத்தனும் சொல்ல மாட்றானே” என்று எழுந்தவர், அடுத்த வருடம் 160 எம்எம் பிவிசி பைப்பில் ஒன்று செய்தார். உள்விட்டம் 15.2 சென்டிமீட்டர், வாய்ப் பரப்பு 181 சதுர சென்டிமீட்டர், ஆகவே 18.1 மில்லி தண்ணீர் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர் மழை. தினமும் காலை எட்டரைக்கு அளப்பார், வானிலைத் துறையின் நேரமும் அதுதான். இதிலும் ந.வெ. உண்டு: அரை மணி நேரத் தூறல் போட்டுவிட்டு வெயில் அடித்தால், அளப்பதற்குள் ஆவியாகிவிடும். புனல் வைத்து, உள்ளே வாய் குறுகிய பாட்டில் வைத்துச் சரிசெய்தார்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்று அவர் வீட்டில் இல்லை. அம்பத்தூரில் மகள் வீட்டில் மாட்டிக்கொண்டார், போனும் போய்விட்டது. அளவு ஜாடி பீரோவில், சாவி அவர் பையில். பெரியம்மா எட்டரை மணிக்குக் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய், பைப்பைக் கழற்றி, அரிசி அளக்கிற ஆழாக்கால் அளந்து ஊற்றிவிட்டு, காலண்டர் தாளில் எழுதி வைத்திருந்தார்: ‘21 ஆழாக்கு’.

மூன்று நாள் கழித்து வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, “தலை தட்டியா, கோபுரமா?” என்று கேட்டிருக்கிறார்.

“தண்ணியை எவன்யா கோபுரமா அளப்பான்?”

ஆழாக்கை வாங்கித் தண்ணீர் நிரப்பி ஜாடியில் ஊற்றிப் பார்த்தார். ஒரு பக்கம் நசுங்கியது, 196 மில்லிதான் பிடித்தது. ஒன்பதாவது நோட்டில் நீல மையில் 227 மி.மீ. என்று இருக்கிறது, ஓரத்தில் சிவப்பில், அவருடைய கையெழுத்தில், ‘ந.ஆ.’